கல்லு வானொலியில் நேயர் விருப்பம்

மனிதனின் அறிவு எந்த இடத்தில் முடிகிறதோ, அந்த இடத்தில்தான் அவன் வானொலி நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்துப் பாட்டுக் கேட்கத் தொடங்குகிறான்.

இது ராகுலன் கண்டுபிடித்த உண்மை. பகிடிக்குச் சொன்னதல்ல. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டு, தமிழ் மாணவர் சஞ்சிகையில் மாதம் ஒரு நையாண்டிப் பக்கம் எழுதிக்கொண்டு, நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் அவன் வந்து சேர்ந்த முடிவு. ஆராய்ச்சி நடந்த இடம், மாமா செல்வரட்ணத்தின் கார்.

1997 ஆவணி. ரொறன்ரோவில் மழை. காரின் கசெற் பெட்டிக்குள் மாமாவின் பொக்கிஷம் சுழன்றுகொண்டிருந்தது. மகள் நிலாணியின் பிறந்தநாளுக்குத் தமிழ் வானொலியில் வாசிக்கப்பட்ட வாழ்த்தை அவர் கசெற்றில் பதிந்து வைத்திருந்தார். கார் ஓடினால் அதுவும் ஓடும்.

"...அன்பு அப்பா, அன்பு அம்மா, லண்டன் பெரியப்பா, பெரியம்மா, பாரிஸ் சித்தி, சித்தப்பா, ஜேர்மனி மாமாமார், மாமிமார், மச்சாள்மார், மற்றும் மச்சான் ராகுலன் ஆகியோர் வாழ்த்துகின்றனர்..."

"மாமா, நான் எப்ப வாழ்த்தினனான்?"

"நீ வாழ்த்தாட்டி? உன்ர பேர் விடுபட்டால் உன்ர கொம்மா என்னோட கதைப்பாவோ?"

"கேக்காமல் பேர் போடுறது சட்டப்படி குற்றம்."

"வாழ்த்திறதுக்கு ஆரடா கேட்டுக்கொண்டு நிக்கிறது!"

ராகுலன் சன்னல் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தான். அப்போதுதான் மேலே சொன்ன உண்மையைச் சொன்னான். மாமா அதைக் கேட்கவில்லை. கசெற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனது கல்லு வாங்க. ஸ்ரௌவ்வில்லில் மாமா புது வீடு வாங்கியிருந்தார். அந்தத் தெருவில் யாருக்கும் இல்லாத மாதிரி குசினியில் சமையல் மேசைக்கு மேல் கிறனைற் கல்லுப் போடவேண்டும் என்பது அவருடைய இலட்சியம். கோயிலில் சந்தித்த கோணேஸ்வரன் அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார்: "என்ர மகள் கிறனைற்றிலதான் வேலை. என்ர பேரைச் சொல்லுங்கோ, பாத்துச் செய்வா."

யங் வீதியில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடி. லிப்ற் திறந்ததும் எதிரே சுவரளவு ஒரு கருங்கல் பாளம். அதில் பொன்னிற எழுத்தில் கிறனைற் என்ற பெயர். அதற்குக் கீழே சின்னதாக ஏதோ இருந்தது. மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. போய் விரலால் கல்லைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"இதுதான்ரா சாமான்!"

ராகுலன் சின்ன எழுத்தை வாசித்தான். எப்.எம். ரொறன்ரோவின் றொக் வானொலி. இருபதாவது ஆண்டு.

அவன் வாயைத் திறப்பதற்குள்... அவளைப் பார்த்தான்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண். கழுத்தில் ஹெட்போன். கையில் பாதி கடித்த சான்ட்விச். பெரிய கண்கள்... மழைக்கு முன் வானம் ஒரு கணம் கறுத்து நிற்குமே, அப்படி. அந்தக் கண்கள் மாமாவைப் பார்த்தன. மாமாவின் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தன. பிறகு கடவுளைத் தேடுவதுபோல் சுற்றிவிட்டு, வேறு யாரும் கிடைக்காமல் ராகுலனில் வந்து நின்றன.

"பிள்ளை, நீங்கள் எங்கட கோணேஸ் அண்ணையின்ர மகள் பிரசாந்தினி எல்லே? குசினிக்குக் கல்லு வேணும். கறுப்பில வெள்ளைப் புள்ளி."

பிரசாந்தினியின் வாய் திறந்தது. சான்ட்விச் இருந்ததால் மூடிக்கொண்டது. கண்கள் மட்டும் ராகுலனிடம் பேசின. 'தயவுசெய்து... ஒண்டும் சொல்லாதேங்கோ... தயவுசெய்து...'

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு கதவு திறந்தது. கிற்றாரும் மேளமும் சேர்ந்து ஒரு பேரிரைச்சலாக வெளியே பாய்ந்தன. கதவு மூடியது. மாமா திடுக்கிட்டார்.

"உதென்ன சத்தம்?"

ராகுலன் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"கல்லு வெட்டுற மெசின், மாமா."

மாமா மரியாதையுடன் தலையாட்டினார்.

"இது ஹெட் ஒபிஸ். இங்க விக்கிறேல்ல. ஓடர் எல்லாம் வேற இடத்தில. அப்பிடித்தானே, மிஸ்?"

"ஓ... ஓம் அங்கிள்," என்றாள் அவள், ஒருவழியாக விழுங்கி. "இங்க... வெட்டுறது மட்டும்தான்."

மாமா கார் நிறுத்தியதற்கு மீற்றரில் சில்லறை போடக் கீழே இறங்கினார். லிப்ற் மூடியதுதான் தாமதம், பிரசாந்தினி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்களில் தண்ணீர்.

"கல்லு வெட்டுற மெசினோ! அது எங்கட மத்தியான நிகழ்ச்சி!"

"எனக்கு அப்பிடித்தான் கேட்டது."

"பெரிய உதவி. நான் பொய் சொல்லேல்லை, தெரியுமோ? 'அப்பா, கிறனைற்றில வேலை கிடைச்சிருக்கு' எண்டு சொன்னனான். அவர், 'கல்லுக் கொம்பனியோ, நல்லது, வீடு கட்டுறவை இருக்குமட்டும் வேலை இருக்கும்' எண்டார். நான் ஓம் எண்டும் சொல்லேல்ல... இல்லை எண்டும் சொல்லேல்ல. ஒரு வருசமாச்சு."

"உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"நேயர் விருப்பம். ஆக்கள் போன் எடுத்துப் பாட்டுக் கேப்பினம். நான்தான் எடுத்துக் கதைக்கிறது."

விதி இப்படியும் கேலி செய்யுமா? ஆனால் உண்மை உண்மைதானே. அழகான கண்களுக்காக அதை மறைக்க முடியாது. தன் கண்டுபிடிப்பை முழுதாக, ஒரு சொல் குறையாமல், அவளுக்குச் சொன்னான்.

அவள் சான்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு ஒரு நாளும் ஆருக்கும் ஒரு பாட்டுப் போடவேணும் போல இருக்கேல்லையோ?"

"என்ர அறிவு இன்னும் முடியேல்லை."

"அது தொடங்கினால்தானே முடியிறதுக்கு."

லிப்ற் திறந்தது. மாமா மழையில் நனைந்து நின்றார். ராகுலன் ஏறினான். கதவு மூடுமட்டும் அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமா, சிரிப்பா... தெரியவில்லை. கீழே வரும்வரை அவனுக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை. அவனுடைய வாழ்க்கையில் இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை அவன் தனியாக வந்தான். "மாமா குசினியின்ர அளவை மாத்திப்போட்டார். அறிவிக்க வந்தனான்."

"அளவு நாடா எங்க?"

"மறந்துபோனன்."

பிரசாந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'வந்திட்டார் பெரிய அறிவாளி...' ஆனால் அன்று காலை அவள் ஏன் புது நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்? அவளைக் கேட்டால் மற்றது தோய்க்கப் போட்டிருக்கிறது என்பாள்.

"சும்மா நிக்காமல் உந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாரும்."

'நீங்கள்' இப்போது 'நீர்' ஆகிவிட்டது. ராகுலன் பெட்டியைத் தூக்கினான். இரும்புபோல் கனத்தது. பூப்போல் தூக்கினான்.

பெட்டி நிறையப் பழைய ஒலிநாடாக்கள். நிலையத்துக்கு இருபது வயது. அதைக் கொண்டாட ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒரு மணிநேரம், நிலையத்தின் வரலாறு நேரடியாகப் போகப்போகிறது. அதைச் சொல்லப்போகிறவள் பிரசாந்தினி. முகாமையாளர் றொபேட், குதிரைவால் கட்டிய பெரிய மனிதர், அவளிடம் சொல்லியிருந்தார்: நன்றாகச் செய்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒரு மணிநேரம் உன்னுடையது.

"என்ர குரல், ராகுலன்! ரொறன்ரோ முழுக்க! கார், கடை, லொறி எல்லாத்துக்கையும்!" சொல்லும்போது அவள் கைகள் பறந்தன. "அதுக்குப் பிறகு அப்பாவுக்குச் சொல்லுவன். கேட்டுப்போட்டு அவர் ஒண்டும் சொல்ல ஏலாது."

அன்றிலிருந்து அவன் புதன் தவறாமல் வந்தான். இருவரும் தரையில் இருந்து நாடாக்களைப் போட்டுக் கேட்டார்கள். என்ன ஒரு வரலாறு! தொடக்கத்தில் இந்த நிலையம் ஒரு கம்பளக் கடைக்கு மேலிருந்த அறையாம். சுவருக்கெல்லாம் கம்பளம் ஒட்டி எதிரொலியை அடக்கினார்களாம். முதல் நாள் முதல் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழல விட்டுவிட்டார்கள். பாட்டு எருமை முக்கி முனகுவதுபோல் போனது. யாரும் முறையிடவில்லை, புதுவகை றொக் என்று நினைத்து இரண்டு பேர் பாராட்டினார்கள்.

"அதுதான் நான் சொல்லுறன், கேக்கிறவைக்கு அறிவு..."

"வாயை மூடும். இதைக் கேளும்."

ஒரு பனிப்புயலில் அறிவிப்பாளர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு, மாற்ற ஆளில்லாமல், குரல் அடைக்குமட்டும் பேசி, பிறகு மேளம் மட்டும் உள்ள பாட்டுகளாகப் போட்டாராம். எண்பதுகளில் எல்லாருக்கும் தலைமுடி வளர்ந்தது. தொண்ணூறுகளில் எல்லாரும் சட்டையைத் தோய்க்காமல் போட்டார்கள். நிலையம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது.

ஆனால் அவளுக்குப் பிடித்த கதை வேறு.

"முதல் மாரிக் குளிருக்குள்ளேயே முதலாளிமார் றொக்கை நிப்பாட்டப் பாத்தவை. காசில்லை. லிப்ற்றுக்குள்ள போடுற மாதிரி மெல்லிசை போடுவமெண்டு முடிவெடுத்திட்டினம். அறிவிப்பாளர் ஒருத்தர் அதை ஒலிபரப்பிலயே சொல்லிப்போட்டார். அவ்வளவுதான்! சனம் போன் எடுக்கத் தொடங்கிச்சுது. ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு... எல்லா லைனும் அடைச்சுப்போச்சு. முதலாளிக்குத் தன்ர மனிசியோடயே கதைக்க லைன் கிடைக்கேல்லை. பின்னேரம் விட்டுக்குடுத்திட்டார்." அவள் கண்கள் மின்னின. "பாட்டுக் கேட்ட ஆக்களாலதான் இந்த இடம் இருக்கு. நீர் சொல்லுற அறிவு முடிஞ்ச ஆக்களால."

ராகுலன் பதில் தேடினான். அவள் கன்னத்தில் ஒலிநாடாவின் தூசி ஒரு கோடாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கலாமா என்று யோசித்ததில் பதில் தொலைந்துபோனது.

இன்னொரு நாள் அவனையும் ஒரு ஹெட்போனைப் போட்டுப் பக்கத்தில் இருத்தினாள். லொறி ஓட்டும் ஒருவர் எடுத்தார். அவருடைய மனைவி மிசிசாகாவில் ஒரு பேக்கரியில் வேலை. அவர் வீட்டுக்கு வரும்போது மனைவி வேலைக்குப் போய்விடுவாள். பேக்கரியில் ரேடியோ எப்போதும் ஓடுமாம். தினமும் ஒரு பாட்டுப் போடுவார். பாட்டு வந்தால் அவர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன், பேக்கரிக்கே போன் எடுக்கலாமே?" என்றான் ராகுலன், லைன் வைத்தபிறகு.

பிரசாந்தினி ஹெட்போனைக் கழற்றினாள்.

"உம்மை ஆர் காதலிக்கப்போறாளோ, பாவம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவன் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கினான். அந்த 'பாவம்' எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்று ஆராய்ந்துகொண்டிருந்ததில் இடம் தெரியவில்லை.

எழுத்தாளன் காதலித்தால் என்ன செய்வான்? எழுதுவான். ராகுலனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எழுத்து. புரட்டாதி இதழில் அவனுடைய பக்கம் வந்தது. தலைப்பு: 'ரொறன்ரோவின் கற்காலம்'. கல்லு வானொலியின் வரலாறு. எருமைப் பாட்டு இருந்தது. தலைமுடிக் காலம் இருந்தது. லொறிக்காரரும் மனைவியும் இருந்தார்கள். 'பேக்கரிக்குப் போன் எடுக்கத் தெரியாமல் நாட்டுக்கே போன் எடுத்த மேதை' என்று. கடைசிப் பந்தியில், மகள் கல்லு விற்கிறாள் என்று கோயிலில் எல்லாருக்கும் விலை குறைத்துக் கொடுக்கும் ஒரு தகப்பனும் இருந்தார். பெயர் இல்லை. பெயர் வேண்டியிருக்கவில்லை.

அவன் உண்மையிலேயே அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தான். ஒரு பிரதியில் 'உமக்கு' என்று எழுதிப் பைக்குள் வைத்திருந்தான்.

அதைக் கொடுக்க முதல், டோர்செட் பார்க் தமிழ்க் கடையில் மீன் வாங்கப் போன கோணேஸ்வரன் சும்மா கிடந்த சஞ்சிகையை எடுத்துவிட்டார்.

கெனடி வீதிப் பஸ் தரிப்பிடத்தில் அவள் அவனைப் பிடித்தாள். மழை. அவளிடம் குடை இருந்தது, விரிக்கவில்லை.

"அப்பா வேலையை விடச் சொல்லிப்போட்டார். சனிக்கிழமை நிகழ்ச்சியும் இல்லை. றொபேட்டுக்கு வெள்ளி பின்னேரம் நான் சொல்லவேணும்."

"பிரசாந்தினி... அது பகிடிக்கு..."

"மிசிசாகா கனகசிங்கம் பெரியப்பா அப்பாவுக்குப் போன் எடுத்து, 'கோணேஸ், ஒரு கிலோ கல்லு என்ன விலை?' எண்டு கேட்டவராம். அப்பா சாப்பிடேல்லை." அவள் நிறுத்தினாள். "அதைக் கூட விடும். அந்த லொறிக்கார மனிசன்... நான் உம்மை நம்பித்தானே பக்கத்தில இருத்தினனான்?"

"அவர் தமிழ் வாசிக்கமாட்டாரே..."

"நான் வாசிப்பன்."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவனுடைய பையில் 'உமக்கு' என்று எழுதிய பிரதி நனைந்து கரைந்தது. போகட்டும். தான் என்ன பொய்யா எழுதினான்? எல்லாம் உண்மை. நல்ல பகிடி. நல்ல வசனம். அவன் அதையே வீடு போகுமட்டும் தனக்குச் சொல்லிக்கொண்டு போனான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனே அதை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் கோணேஸ்வரனின் கதவைத் தட்டினான். ஏழாம் மாடி. திறந்தது அவர்தான். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. சீருடை இன்னும் மாற்றவில்லை.

"அங்கிள், நான் ராகுலன். அதை எழுதினவன்."

கதவை அறைவார் என்று நினைத்தான். அவர் உள்ளே விட்டார். அது அதைவிடப் பயமாக இருந்தது. குசினி வாசலில் தாய் புஸ்பராணி. அவளுக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்... வீங்கியிருந்தன.

"அங்கிள், பிழை என்ர. மாமாவுக்குக் கல்லுக் கொம்பனி எண்டு பொய் சொன்னதும் நான்தான். அவவை நிகழ்ச்சி செய்ய விடுங்கோ."

"தம்பி," என்றார் கோணேஸ்வரன். குரல் உயரவில்லை. "அவ பாட்டுப் போடுறதோ, மேளம் அடிக்கிறதோ, எனக்குப் பெரிசில்லை. திருகோணமலையில நானும் றேடியோவை வாசலில வைச்சுப்போட்டு ஊர் கேக்கப் போட்ட ஆள்தான். ஆனால் என்ர பிள்ளை என்ன வேலை செய்யிறா எண்டு எனக்குத் தெரியாதெண்டு இண்டைக்கு ஸ்காபரோவுக்கே தெரியும். கோயிலுக்கு எந்த முகத்தோட போறது? நாளைக்கு அவ அங்க கதைச்சால், கேக்கிற ஒவ்வொருத்தனும் என்ர முட்டாள்தனத்தைத்தான் நினைப்பான்."

ராகுலன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான் என்ன செய்ய வேணும், அங்கிள்?"

"எழுதினதை அழிக்க ஏலுமோ?"

"ஏலாது."

"அப்ப போய்ட்டு வாரும்."

கதவு மூடும்போது பிரசாந்தினி தந்தையிடம் கேட்பது கேட்டது: "றொபேட்டுக்கு நாளைக்குக் காலமை சொல்லட்டோ அப்பா? இண்டைக்கு... வாய் வரேல்லை."

சனிக்கிழமை காலை.

கோணேஸ்வரன் வீட்டுக் குசினியில், தமிழ் வானொலிக்கென்றே வாங்கிய பெட்டி வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தது. வாழ்த்து நேரம். புஸ்பராணி தோசை வார்த்தாள். பிரசாந்தினி போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். றொபேட்டின் இலக்கத்தின் பாதி அழுத்தியாயிற்று... மீதி விரலுக்கு வரவில்லை.

"அடுத்த நேயர், வணக்கம்! யாரை வாழ்த்தப்போகிறீர்கள்?"

"வணக்கம்." ஒரு கனைப்பு. குரல் தணிந்திருந்தது, குளியலறைக்குள் இருந்து கதைப்பதுபோல் ஒரு எதிரொலி. "இண்டைக்குப் பிற்பகல் மூண்டு மணிக்கு, கிறனைற் எப்.எம். வானொலியில, அதின்ர இருபது வருச வரலாற்றைத் தொகுத்து வழங்கப்போற செல்வி பிரசாந்தினியை வாழ்த்த வேணும்."

தோசைக்கரண்டி நின்றது. போன் பிரசாந்தினியின் கையிலிருந்து நழுவிக் கதிரையில் விழுந்தது.

"மிக்க மகிழ்ச்சி! எங்கள் பிள்ளை ஆங்கில வானொலியிலா? வாழ்த்துவோர் யார் யார்?"

"மகளின்ர திறமையை எல்லாருக்கும் முதல் கண்டு, ஊக்கம் குடுத்து வளத்த அன்பு அப்பா கோணேஸ்வரன்..."

"நான் எப்பயடா வாழ்த்தினனான்!" கோணேஸ்வரன் கதிரையால் எழும்பினார்.

"...அன்பு அம்மா புஸ்பராணி, மிசிசாகா கனகசிங்கம் பெரியப்பா, ஸ்ரௌவ்வில் செல்வரட்ணம் மாமா, பேபி மாமி, மச்சாள் நிலாணி..." குரல் நின்று மூச்செடுத்தது. ஒரு பெயரையும் விடவில்லை. ஒரு முறையையும் பிசகவில்லை. "இந்த வாய்ப்பு ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைச்சது அவவின்ர அப்பாவாலதான். அதைப் பற்றி ஒருத்தன் ஒரு சஞ்சிகையில விசர்க்கதை எழுதியிருந்தான். அவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டதையும் அறியத்தாறம்."

"அருமை! உங்கள் பெயரைச் சொல்லவில்லையே தம்பி. நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

பிரசாந்தினி பெட்டிக்குக் கிட்டப் போனாள். சொல்... சொல்லேன்...

"நான்... அந்தச் சஞ்சிகையில எழுதினவன்." லைன் வைக்கப்பட்டது.

குசினியில் தோசை கருகும் மணம். கோணேஸ்வரன் பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெலிபோன் அடித்தது. கனகசிங்கம்.

"கோணேஸ்! நான் எப்ப ஐசே வாழ்த்தினனான்? அது கிடக்கட்டும்... நல்லாத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய விசயத்தை மறைச்சுப்போட்டு, கல்லுக் கொம்பனி எண்டு எங்களைப் பேய்க்காட்டினீர், என்ன!"

கோணேஸ்வரன் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். தன்னை ஏமாற்றிப் பேயாக்கினார்கள் என்றுதானே இவ்வளவு நாளும் வெந்தார்? இப்போது பார்த்தால், ஸ்காபரோ முழுவதையும் பேய்க்காட்டிய கெட்டிக்காரன் அவராம்.

"ஓம்..." என்றார் மெதுவாக. பிறகு இன்னும் கொஞ்சம் உரத்து: "ஓம், ஓம். கண்ணூறு படக்கூடாதெண்டு சொல்லேல்லை."

வைத்தார். மீண்டும் அடித்தது. மீண்டும் எடுத்தார். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது முதல் நாள் ஊக்கம் கொடுத்த வார்த்தைகள்கூட அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டன.

கடைசியில் மகளைப் பார்த்தார். "உவன் பெடியன் பொல்லாதவன்."

"ஓம் அப்பா," என்றாள் அவள். உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா... இரண்டும்.

"மூண்டு மணி எண்டவன். மழை வேற. சட்டையை மாத்து. நான் காரில கொண்டுபோய் விடுறன்."

பிற்பகல். யங் வீதியில், கிறனைற் கட்டடத்துக்கு எதிரே ஒரு ரெலிபோன் கூண்டு. அதற்குள் ராகுலன். காதில் வோக்மன் ரேடியோ. கண்ணாடியில் மழை.

அவள் குரல் வந்தது.

முதல் வசனத்தில் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவதில் நிமிர்ந்தது. மூன்றாவதில்... பறந்தது! கம்பளக் கடை, எருமைப் பாட்டு, பனிப்புயலில் மாட்டிய மனிதர் எல்லாரும் உயிரோடு எழுந்து வந்தார்கள். அவன் கூண்டுக்குள் தனியே நின்று சிரித்தான். முதல் மாரியில் சனம் போன் எடுத்த கதையைச் சொன்னாள். இந்த முறை அவன் சத்தத்தைக் கூட்டினான். முடிவில் சொன்னாள்: இந்த நிலையத்தை உருவாக்கியவர்கள் நீங்கள்தான், இதோ லைன்கள் திறந்திருக்கின்றன, உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?

ராகுலன் சில்லறையைப் போட்டு இலக்கத்தை அழுத்தினான். லைன் இல்லை. மீண்டும் அழுத்தினான். இல்லை. வெளியே ஒரு பெண்மணி குடையால் கண்ணாடியைத் தட்டினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மீண்டும் அழுத்தினான்.

மணி அடித்தது.

"கிறனைற் எப்.எம்.," என்றாள் ஆங்கிலத்தில். பின்னால் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "என்ன பாட்டு வேணும்?"

"எதெண்டாலும் பரவாயில்லை."

அந்தப் பக்கம் பேனா ஒன்று கீழே விழுந்தது. பிறகு தமிழில், மிக மெதுவாக: "ஆருக்கு?"

"பிரசாந்தினிக்கு."

"ஆரிட்டை இருந்து?"

"ராகுலனிட்டை இருந்து. லொறிக்காரரிட்டையும் நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லும்."

"சொல்லுறன்... காலமை 'என்ன முறை' எண்ட கேள்விக்கு நீர் பதில் சொல்லாமல் வைச்சுப்போட்டீர்."

மழை கூண்டின் கூரையில் பொழிந்தது. அறிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு நல்ல வசனம்கூட மிச்சமில்லை.

"எனக்கு... உம்மில விருப்பம்."

பாட்டு மட்டும் கேட்டது.

"பிரசாந்தினி?"

"எழுதுறன், பொறும்." குரல் நனைந்திருந்தது. "உம்மட பேரை மட்டும்தானோ போடுறது?"

"ஓம். இந்த முறை ஒருத்தற்ற பேரையும் கேக்காமல் போடேல்லை."

"அப்ப, என்ர பேரையும் பக்கத்தில போடுறன்." சிரித்தாள். "லைனில நில்லும். உமக்கு முன்னால கன பேர் நிக்கினம்."

"சரி."

"வையாதையும், என்ன?"

"வைக்கமாட்டன்."

குடைக்காரி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். ராகுலன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தன் முறை வருமட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் வரிசையில் நின்றான்.